நேசராணியின் கரண்டிச் சக்கரம்

ஓடிப்போகிறவள் இருபது கிலோ இரும்பை முதுகில் கட்டிக்கொண்டா ஓடுவாள்? அதுவும் பட்டப்பகலில், பத்து வீட்டு வாசலையும் கடந்து, மேட்டில் பஸ்ஸுக்காக அரை மணி நேரம் குந்தியிருந்து? கீழ்லயத்துப் பெண்கள் பீலியடியில் விழுகிற தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு, "மோட்டாரத் தூக்கிட்டுப் போனாளா, றஹீமத் தூக்கிட்டுப் போனாளா" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். லுணுகலையில் மோட்டார் திருத்தும் றஹீமின் கடை அதே வாரத்திலிருந்து பூட்டிக் கிடப்பது உண்மைதான். அவன் மனைவி ஸுலைஹா பிள்ளைப்பேற்றுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதும் உண்மை. முதல் உண்மையைப் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டாவதைக் கேட்க ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நேசராணி போனது பதுளையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைக்கு. தங்கியிருப்பது சொந்த அக்கா வீட்டில். கொழும்பில் இரும்புக் கடையில் நிற்கிற அவள் புருஷன் மாணிக்கராஜுக்கும் இது தெரியும். தெரியாதது பீலியடிக்கு மட்டும்.

பத்து வீடும் ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தில், அவள் வீட்டுக்கு மூன்றாவது வீடு என்னுடையது. இருபது வருஷமாக அவளைப் பார்க்கிறேன். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டீர்கள், இனி நான் சொல்வதையும் கேளுங்கள்.

முப்பத்தாறு வயது, குட்டையான உடம்பு, வேகமான நடை. மலையில் கொழுந்து எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு: சூடாக எது இருந்தாலும் தொட்டுப் பார்ப்பாள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோர் சுவரோரம் நடந்தால் போதும், உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். அப்போது உள்ளே இலை காய்ந்துகொண்டிருக்கும். "காலையில நாம சொமந்து போட்ட வெறகு அம்மாயி, இப்ப செவுத்துல இருக்கு" என்று என்னிடம் சொல்வாள். கங்காணி சத்தம் போட்ட பிறகுதான் கையை எடுப்பாள்.

ஒருமுறை பதுளைக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பி வந்தோம். பசறைக்கு இப்பால் இறக்கம் முழுவதும் டிரைவர் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தார். லுணுகலையில் எல்லாரும் மூட்டையைத் தேட, இவள் இறங்கிப் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து உள்ளே விரலை வைத்தாள். விரல் கொப்புளித்துப்போயிற்று.

"என்னக்கா, டயருக்குக் காய்ச்சலா?" என்று கண்டக்டர் கேட்டான்.

இவள் விரலை வாயில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எறக்கத்துல பஸ் ஓட வேண்டிய ஓட்டத்தையெல்லாம் அவரு அமுக்கி அமுக்கிப் புடிச்சாருல்ல. அது எங்க போச்சுன்னு பாத்தேன். இங்கதான் ஒக்காந்திருக்கு."

அவளிடம் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். தெம்பு. விறகில் இருப்பதும் தெம்பு, ரொட்டியில் இருப்பதும் தெம்பு, பாறையிலிருந்து விழுகிற தண்ணீரில் இருப்பதும் அதுதான். மத்தியானம் மலையில் கோதுமை ரொட்டியைப் பிய்க்கும்போது கையில் வைத்து எடை பார்ப்பாள். "இது மேட்டு மலைக்குப் பத்தாது" என்று இன்னொரு பாதியை எடுத்துக்கொள்வாள். பசியென்று சொல்லமாட்டாள். வண்டிக்கு எண்ணெய் போடுகிறவர்கள் பேசுகிற மாதிரி பேசுவாள்.

"தெம்பு காணாம போறதில்ல அம்மாயி. எடம்தான் மாறுது" என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அன்று முழங்கால் வலி. கோபமும் வந்தது.

"அப்ப என் முட்டியில இருந்தது எங்கடி போச்சு?"

அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிவைத்தாள். "நாப்பது வருஷமா ஏறுன மலையில போச்சு. தூக்கி வளத்த புள்ளைகள்ல போச்சு. மிச்சத்த ஊரு பூராக் குடிச்சிட்டாங்க அம்மாயி, தேத்தண்ணியில."

நான் முட்டியைத் தடவிவிட்டு என் கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அடைமழையில் எங்கள் மேல்லயத்துக்குக் கீழே மலை சரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் கம்பம் மூன்றும் மண்ணோடு போயின. அவற்றைத் திரும்ப நடுவதற்கு இன்று வருவார்கள், நாளை வருவார்கள் என்று இருந்து, பிறகு யாரும் கேட்பதையே விட்டுவிட்டோம். பத்து வீடும் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பின. போன் செத்தால் அதை எடுத்துக்கொண்டு லுணுகலைக்கு நடந்துபோய், கடைக்காரரிடம் சிரித்துப் பேசி, சார்ஜ் என்கிற ஊசி குத்தி வாங்கி வரவேண்டும்.

ஸ்டோருக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து இரும்புச் சக்கரம் ஒன்று துருவேறிக் கிடக்கிறது. செடி முளைத்து, பாதி மண்ணுக்குள். ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அதைச் சுற்ற, அது ஸ்டோர் மெஷின் முழுவதையும் சுற்றியதாம். இதை அங்கே அடுப்பு எரிக்கிறவர் நேசராணியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவள் மூன்று ஞாயிறு பூசை முடிந்த கையோடு அங்கே போய், அந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான்காம் ஞாயிறு லுணுகலைப் பாத்திரக் கடைக்குப் போய்க் குழம்பு ஊற்றுகிற குழிக்கரண்டி பதினாறு கேட்டாள்.

"எத்தன பேருக்கு விருந்து?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

"பத்து வீட்டுக்கு" என்றாளாம். பொய்யில்லை.

அந்தக் கரண்டிகளின் காம்பை அறுத்து, ஒரு பழைய வளையத்தைச் சுற்றி வரிசையாகப் பூட்டியவன் றஹீம். அவன் கடை மூலையில் தண்ணீர் இறைக்கிற பழைய மோட்டார் ஒன்று கிடந்தது. அதைக் காட்டி நேசராணி கேட்டாள்: "இதுக்குக் கரண்ட் குடுத்தா சுத்தும். நாம சுத்திக் குடுத்தா, கரண்ட் தருமா?"

றஹீம் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "தரும்க்கா. எத்தன வருஷமா இந்தக் கடையில இருக்கேன், இத என்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றான். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த உறவு அந்தக் கேள்விதான். வேறு இருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது.

லயத்துக்குப் பின்னால் ஓடை இறங்குகிறது. மூன்று கற்பூரமரம் உயரத்திலிருந்து குழாய் போட்டு, நுனியை ஒடுக்கி, வருகிற தண்ணீர் கரண்டிக் குழியில் அறையும்படி வைத்தார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பதினாறு கரண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே வெள்ளை வட்டமாயிற்று. ஓடைக்குப் பக்கத்து வீடு இராசையாவுடையது. எழுபத்தெட்டு வயது மனிதர், எழுந்து நடமாட முடியாதவர். அவர் தலைக்கு மேல்தான் முதல் பல்ப் எரிந்தது. அவர் மனைவி இராக்கம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஊதி அணைத்துவிட்டு, அது கோபித்துக்கொள்ளும் என்பது போல, சிம்னியைத் துடைத்துத் துடைத்து உள்ளே வைத்தாள்.

இராசையா வீட்டுக்கும் நேசராணி வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஜீவராணி வாசலில் நின்று, "எங்க டி.வி. ஓடுமா?" என்று கேட்டாள். அது அவள் மகள் தனுஜா கொழும்பில் தையல் ஆலையில் நின்று உழைத்து வாங்கி அனுப்பியது. கம்பம் விழுந்த நாளிலிருந்து பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தாள். ஓடியது. ஜீவராணி அன்று எல்லா வீட்டுக்கும் பணியாரம் கொடுத்தாள்.

இங்கே எங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் சிக்கனக்காரர்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்களுக்கு உடம்பு கூசும். ராச்சோறு முடிந்ததும் பத்து வீட்டிலும் பட் பட்டென்று சுவிட்சை அணைத்துவிடுவோம். முதல் வாரத்திலேயே, அப்படி ஒன்பது வீடு அணைத்ததும், அணைக்காத பத்தாவது வீட்டுப் பல்ப் வெடித்தது. மறுநாளும் வெடித்தது. நேசராணி வீடு வீடாக வந்து, "லைட்ட அணைக்காதீங்க" என்று கெஞ்சினாள். இப்படி ஒரு புத்தி சொல்கிறவளை நாங்கள் கண்டதில்லை. நான்தான் முதலில் சண்டைக்குப் போனேன்.

"வீணா எரியணுமா? உங்க வீட்டுல அப்பிடித்தான் வளத்தாங்களா?"

"வீணாப் போறது பல்ப்புலயில்ல அம்மாயி. நீங்க அணைச்சாலும் தண்ணி வந்துக்கிட்டுத்தான இருக்கு. அது நிக்காது. வர்ற தெம்பு எங்கயாவது போயாகணும். போக வழியில்லன்னா இருக்கிற ஒரு வீட்டுல போயி எல்லாமாச் சேந்து விழுந்துருது."

"அதுக்கு?"

"அதுக்கு ஒரு எடம் குடுக்கணும்."

அந்த இடம்தான் டிரம். பெரிய தகர டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உள்ளே சூடாக்குகிற கம்பிச்சுருள் ஒன்றை இறக்கினார்கள். றஹீம் ஒரு பெட்டி செய்து சுவரில் மாட்டினான். வீடுகள் குடிக்காமல் விட்ட கரண்டை அந்தப் பெட்டி டிரம்முக்கு அனுப்பிவிடும். நாங்கள் எல்லா விளக்கையும் அணைத்தால் தண்ணீர் கொதிக்கும். எல்லாரும் டி.வி. பார்த்தால் தண்ணீர் ஆறும். பீலித் தண்ணீர் பல்லை உடைக்கிற ஊரில், பத்து வீட்டுக்கும் சுடுதண்ணீர் வந்தது இப்படித்தான். எங்கள் சிக்கனம் முழுக்க அந்த டிரம்மில் போய்ச் சேர்ந்தது.

டிரம்மின் உள்பக்கம் அவள் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு போட்டாள். "செவப்புக் கோட்டுக்குக் கீழ மொள்ளாதீங்க. கம்பி வெளிய தெரியக்கூடாது" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டிச் சொன்னாள். காலையிலும் மாலையிலும் தானே நிரப்புவாள். மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் அவளுடைய முதல் வேலை இரண்டு வாளி சுடுதண்ணீர் மொண்டு இராசையா வீட்டுக்குக் கொண்டுபோவது. அந்த மனிதருக்கு மூட்டெல்லாம் வீங்கி, எந்நேரமும் நடுக்கம். இராக்கம்மா துணி நனைத்து ஒற்றுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்துல வந்ததா இது?" என்று தினமும் கேட்பார். "ஆத்துல வந்ததுதாங்க மாமா" என்று தினமும் இவள் சொல்வாள். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

பேச்சு கிளம்பியதும் அந்தக் காலத்தில்தான். பெட்டியைப் பார்க்க றஹீம் மாதம் ஒருமுறை வருவான். வந்தால் நேசராணி வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டுத் தேத்தண்ணி கொடுப்பாள். "மோட்டார் பாக்க வர்றவனுக்கு எத்தன தேத்தண்ணி?" என்று ஜீவராணி சொன்னது எனக்குக் கேட்டது, நேசராணிக்கும் கேட்டது. அடுத்த முறை அவள் ஸ்டூலை ஜீவராணி வாசலுக்கு நேராகப் போட்டாள். ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொள்ளட்டும் என்று.

இனி நான் சொல்லப்போவதைப் பத்து வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, இரண்டு பேரைத் தவிர.

ஒரு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, இராசையா செத்துப்போனார். இராக்கம்மாவுக்கு ஓடியாட ஆளில்லை. கோடித் துணியும் சாம்பிராணியும் மற்றதும் வாங்க நேசராணிதான் முதல் பஸ்ஸுக்கு லுணுகலை போனாள். போகுமுன் டிரம்மை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போனாள். அதை நான் பார்த்தேன்.

சாவு விழுந்த லயத்தில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டமாட்டோம், பாட்டுச் சத்தம் கேட்கக்கூடாது. இது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் டி.வி.யை நிறுத்தினார்கள். மரியாதைக்கு விளக்கையும் அணைத்தார்கள். எரிந்தது சாவு வீட்டு விளக்கு ஒன்றுதான். ஓடை மட்டும் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. அவ்வளவும் டிரம்முக்குப் போயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

குளிப்பாட்ட வேண்டிய நேரம் வந்தபோது பெண்கள் பீலிக்குப் போகக் குடத்தை எடுத்தார்கள். நான் தடுத்தேன். ஆறு மாதம் நடுங்கிக் கிடந்த மனிதரைக் கடைசியாகப் பச்சைத் தண்ணீரிலா குளிப்பாட்டுவது? டிரம்மிலிருந்து மொள்ளச் சொன்னேன். பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக்கி ஊற்றினோம். ஒருத்தி, "கோடு தெரியுது அம்மாயி" என்றாள். "சாவு வீட்டுக்கு என்னடி கோடு" என்று நானே வாளியை வாங்கி அடிவரை வழித்தேன். மனிதரைக் குளிப்பாட்டி, துப்புரவாகத் துடைத்து, கட்டிலில் கிடத்தினோம். முகம் நன்றாக இருந்தது. நான் செய்தது நியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் தலைக்கு மேல் எரிந்த பல்ப் மெல்ல மெல்ல வெளுத்தது. வெளியே பனி மூடியிருந்தது. வீட்டுக்குள் வெயில் வந்த மாதிரி ஒரு வெளிச்சம். ஒப்பாரி வைத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "அய்யா வெளிச்சமாப் போறாரு" என்று யாரோ சொல்ல, இருந்தவர்கள் அத்தனை பேரும் கை கூப்பினோம். நானும் கூப்பினேன். பல்ப் வெடித்துக் கண்ணாடி வெள்ளைத் துணிமேல் கொட்டியது. அடுத்த வீட்டிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. நிறுத்தின டி.வி.யின் பிளக்கை ஜீவராணி பிடுங்கியிருக்கவில்லை. ஓடைப் பக்கம் போனவர்கள், மோட்டாரிலிருந்து புகை வருகிறது என்று ஓடிவந்தார்கள்.

நேசராணி கோடித் துணியோடு பஸ்ஸில் இறங்கி வந்தாள். முதலில் பிணத்துக்குத் துணி போர்த்தினாள். பிறகு பின்பக்கம் போய், குழாய் வாயைத் திருப்பிச் சக்கரத்தை நிறுத்தினாள். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். காய்ந்த அடியும், அறுந்து தொங்குகிற கம்பிச்சுருளும். தரையில் கிடந்த வாளியைப் பார்த்தாள். அந்த வாளி என் வீட்டு வாளி. பிடியில் நீலக் கயிறு சுற்றியது. அதை எடுத்துக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து, இராக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் கோயில் முன்னால் பத்து வீடும் கூடின. ஜீவராணி அழுதுகொண்டே பேசினாள். "எம் புள்ள நின்னுக்கிட்டே தச்சு அனுப்பினது. ஒரே நொடியில சாம்பலாகிருச்சு. இவளுக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? அந்த லுணுகலைக்காரன் சொன்னதக் கேட்டு நம்ம வீட்டையெல்லாம் பரிச்சை பாத்திருக்கா." ஆற்றில் இனிச் சக்கரம் வைக்கக்கூடாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். தோட்டத்துத் துரையிடம் எழுதிக் கொடுப்போம் என்று ஒருவர் சொன்னார். எழுதிக் கொடுத்தால் குழாய் போகும், சக்கரம் போகும், அவள் வேலைக்கும் கேள்வி வரும். அது எல்லாருக்கும் தெரியும்.

"எப்பிடி எரிஞ்சிச்சு? அதச் சொல்லு" என்றார்கள்.

நேசராணி எழுந்து நின்றாள். "டிரம்மு காஞ்சிருச்சு. நான் பாத்திருக்கணும். தப்பு எங்கிட்ட. மோட்டார நானே சரி பண்ணிக் கொண்டாறேன். அது வரைக்கும் எழுதிக் குடுக்காதீங்க."

டிரம் ஏன் காய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. மொண்ட பெண்கள் தரையைப் பார்த்தார்கள். என் வாயில் வெற்றிலை இருந்தது. அதைத் துப்பிவிட்டுப் பேச அரை நிமிஷம் போதும். நான் துப்பவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நேசம், நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லப்போறேன். தண்ணிய வழிச்சது நான்."

ஊசியை நிறுத்தாமல், "சொல்லாதீங்க அம்மாயி" என்றாள்.

"ஏன், என்னக் காப்பாத்துறியா? எனக்கு அது வேணாம்."

"உங்களுக்காக இல்ல. யாரு மொண்டான்னு வந்தா, எதுக்கு மொண்டாங்கன்னு வரும். மாமாவக் குளிப்பாட்டுன தண்ணியாலதான் பத்து வீடு இருட்டாச்சுன்னு பேசுவாங்க. இராக்கம்மா அத்தைக்கு இனி இருக்கிறது அந்த நெனப்பு ஒண்ணுதான், மனுசன் சூடாக் குளிச்சிட்டுப் போனாருன்னு. அதையும் புடுங்கணுமா?"

நான் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அவள் தைத்து முடித்தாள்.

ஆனால் இப்போது பேச்சு வேறு இடத்துக்குப் போய்விட்டது. பட்டறையில் முறை வர நாளாகிறது, கம்பி சுற்றுவதைக் கண்ணால் பார்க்காமல் வரமாட்டேன் என்று அவள் அங்கேயே இருக்கிறாள். அதற்குள் ஓடுகாலி என்ற பெயர் அவள் திரும்பி வருவதற்கு முன்னால் வந்து திண்ணமாய் உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது. நேற்று இராக்கம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், வாளி முதல். அவள் தலையைத் தூக்கிப் பல்ப் இல்லாத ஹோல்டரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு மனுசன் சுடுதண்ணியில குளிச்சிட்டுத்தான போனாரு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அது அவ வச்ச தண்ணி. எல்லாருக்கும் சொல்லு. என்னப் பத்தி யோசிக்காத."

இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அவள் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்த மறுநாள், காலை எட்டு மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. சாக்கில் தைத்த மோட்டாரைக் கயிற்றில் கட்டி, கொழுந்துக் கூடையைப் போடுகிற மாதிரியே கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் போட்டுக்கொண்டாள். நான் பின்னால் நின்று தூக்கிவிட்டேன்.

"கனக்குதாடி?"

"இருபது கிலோ கொழுந்துதான அம்மாயி. கொஞ்சம் முத்துன கொழுந்து."

பத்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் போய்வா என்று சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைக் கையில் எடுத்தாள். என்னிடம் தருவாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி, கை கட்டி நின்ற ஜீவராணியிடம் போனாள்.

"அக்கா, அடுப்படி மூலையில கோழி அடையில இருக்கு. ஒம்பது முட்ட. காலையில ஒரு தடவ அதுவா எழும்பித் திங்கும், அப்பக் குருணையும் தண்ணியும் வச்சாப் போதும். நீங்க எழுப்பிடாதீங்க. சூடு விட்டுப்போயிரும்."

ஜீவராணி சாவியைப் பார்த்தாள். கையைப் பிரிக்கவில்லை. "ஏன், ஒனக்கு வேற ஆளு கெடைக்கலையா?"

"உங்க வீடுதான் பக்கத்துச் செவுரு. எங்க வீட்டுச் சத்தம் உங்களுக்குத்தான் நல்லாக் கேக்கும்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜீவராணியின் முகம் சிவந்தது. நேசராணி சிரிக்கவில்லை. தலையில் கயிறு இழுக்க, கழுத்தை வளைக்க முடியாமல் நின்றபடியே, ஜீவராணியின் கட்டியிருந்த கையில் ஒன்றைப் பிரித்து எடுத்தாள். பனியில் சில்லிட்டுக் கிடந்த சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மடக்கிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தி, இரும்பு சூடேறுகிற மட்டும் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு விட்டாள்.